முப்பத்தொன்பது இலக்கத்து ஒரு பகா எண்

(பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் உங்கள் முன் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஓர் எண்ணைப் பற்றி. மன்னர்களைப் பற்றிப் பேசுவர். போர்களைப் பற்றிப் பேசுவர். நூல்களைப் பற்றிப் பேசுவர். ஓர் எண்ணைப் பற்றி ஒரு மாலைப்பொழுது முழுவதும் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணலாம். எண்ணுங்கள், எண்ணுவதற்குத்தானே எண்! முதலில் அவ்வெண்ணைப் படித்துவிடுகின்றேன். படிப்பதற்கு எளிதாக மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்துச் சொல்லுகின்றேன்:

170 141 183 460 469 231 731 687 303 715 884 105 727.

மொத்தம் முப்பத்தொன்பது இலக்கங்கள். 1,701 என்று எழுதி, அதன்பின் கோடி என்னும் சொல்லை ஐந்து முறை அடுத்தடுத்து எழுதினால், இவ்வெண்ணின் பருமனை ஓரளவு நெருங்கலாம். இதனைச் சுருக்கமாகக் கூறுவதற்கும் ஒரு வழி உண்டு. இரண்டை நூற்றிருபத்தேழு முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, வந்த தொகையில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது இவ்வெண். அஃதாவது, இரண்டின் 127-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு.

இவ்வெண் ஒரு பகா எண். ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் மீதமின்றி வகுபடாதது. இதனை 1876-இல் ஒரு பிரெஞ்சு நாட்டுப் பள்ளி ஆசிரியர் கண்டறிந்து வெளியிட்டார். அதன்பின் எழுபத்தைந்து ஆண்டுகள், அறியப்பட்ட பகா எண்கள் அனைத்தினும் பெரியதாக இதுவே விளங்கிற்று. பொறியின் துணையின்றிக் கையாலேயே கணக்கிட்டுக் கண்ட பகா எண்களுள் இதனினும் பெரியது இன்றுவரை இல்லை.

வகுபடாது என்று அவர் எப்படி அறிந்தார்? முப்பத்தொன்பது இலக்க எண்ணை எவ்வெவ்வெண்ணால் வகுத்துப் பார்த்தார்? இதற்கு விடை வியப்பானது. அவர் எந்த எண்ணாலும் வகுத்துப் பார்க்கவில்லை! அந்த வியப்பை விளக்குவதே என் பொழிவின் நோக்கம்.

பகா என்னும் சொல்

பகா எண் என்னும் பெயரை முதலில் பார்ப்போம். பகு என்பது பிரி என்னும் பொருள் தரும் வினைச்சொல். அதன் எதிர்மறை பகாத என்பது. அதன் ஈறு கெட்டு நின்றது பகா. செல்லாக் காசு, பொய்யா மொழி என்பனபோல இதுவும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பிரிக்கவியலாத எண் என்பது பெயரிலேயே அடங்கிவிட்டது. வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

நம் இலக்கணத்திலும் இப்பாகுபாடு உண்டு. நன்னூலார் சொற்களைப் பகுபதம் என்றும் பகாப்பதம் என்றும் பிரித்தார். ஊரன் என்பதை ஊர் என்றும் அன் என்றும் பிரிக்கலாம், அது பகுபதம். நீர் என்பதைப் பிரித்தால் பொருள் கெடும், அது பகாப்பதம். எண்களிலும் அவ்வாறே. பதினைந்தை மூன்று ஐந்துகளாகப் பிரிக்கலாம், பதினேழைப் பிரிக்கவியலாது. பிரிபடும் எண்கள் எல்லாம் பிரிபடா எண்களின் பெருக்கத்தால் ஆனவை. சுவருக்குச் செங்கல் எப்படியோ, எண்களுக்குப் பகா எண்கள் அப்படி.

இங்கு ஒரு நுட்பத்தை நெஞ்சில் நிறுத்த வேண்டும். 'பகும்' என்பது உடன்பாடு. 'பகா' என்பது எதிர்மறை. உடன்பாட்டுக்குச் சான்று காட்டுவது எளிது. ஓர் எண் பகு எண் என்றால், அதனை வகுக்கும் ஓர் எண்ணைக் கொண்டுவந்து காட்டினால் போதும், வழக்கு முடிந்தது. எதிர்மறைக்குச் சான்று காட்டுவதுதான் அரிது. 'இவ்வெண்ணை வகுப்பது எதுவுமே இல்லை' என்று சொல்லுகின்றவன், இல்லாத ஒன்றை எப்படிக் கொண்டுவந்து காட்டுவான்? 'நான் தேடினேன், கிடைக்கவில்லை' என்பது சான்றாகாது. தேடிய இடத்தில் இல்லை என்பதற்குத்தான் அது சான்று.

நூற்றிருபத்தேழு ஒன்றுகள்

இனி அவ்வெண்ணின் அமைப்பைக் காண்போம். நாம் பத்துப் பத்தாக எண்ணுகின்றோம். கணினிகள் இரண்டிரண்டாக எண்ணுகின்றன. அம்முறையில் ஒன்றும் சுழியும் ஆகிய இரண்டே குறிகள். ஒவ்வோர் இடமும் தன் வலப்பக்கத்து இடத்தைப்போல் இரு மடங்கு பெறும். அந்த முறையில் மூன்று என்பது 11. ஏழு என்பது 111. முப்பத்தொன்று என்பது 11111. நம் எண்ணை அவ்வாறு எழுதினால், இடையில் ஒரு சுழிகூட இல்லாமல் நூற்றிருபத்தேழு ஒன்றுகள் அணிவகுத்து நிற்கும்.

நூற்றிருபத்தேழு பெட்டிகளை வரிசையாக வைத்து, முதற்பெட்டியில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே சென்றால், எல்லாப் பெட்டிகளிலும் உள்ள நெல்மணிகளின் மொத்தத் தொகை நம் எண்ணே.

இவ்வாறு ஒன்றுகளால் மட்டும் ஆன எண்களுள் எவை பகா எண்கள்? முதற்படி எளிது. ஆறு ஒன்றுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: 111111. இதனை 111, 111 என்று இரு சம கூறுகளாக வெட்டலாம். ஆதலின் 111, அஃதாவது ஏழு, இவ்வெண்ணை வகுக்கும். எண்ணிப் பார்த்தால் 63, ஏழொன்பது அறுபத்துமூன்று. ஒன்றுகளின் தொகையைச் சம கூறுகளாகப் பிரிக்க முடியுமானால், அந்த எண்ணும் பிரிந்துவிடும். எனவே, எண் பகா எண்ணாக இருக்கவேண்டுமானால் ஒன்றுகளின் தொகையும் பகா எண்ணாகவே இருத்தல் வேண்டும்.

அது வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. பதினொன்று பகா எண்தான். ஆனால் பதினொரு ஒன்றுகளால் ஆன எண் 2,047. அதனை 23-ஆல் வகுத்தால் 89 ஈவாகக் கிடைக்கும். அணிவகுப்பு ஒழுங்காகத்தான் இருக்கிறது, ஆயினும் பிளந்துவிட்டது! எது பிளக்கும், எது பிளக்காது என்பதுதான் நூற்றாண்டுகளாக அறிஞர்களை அலைக்கழித்த கேள்வி.

இக்கேள்விக்குப் பழைமையும் உண்டு. தன்னை வகுக்கும் சிறிய எண்களின் கூட்டுத்தொகைக்குத் தானே சமமாக நிற்கும் எண்ணை நிறைவெண் என்பர். ஆறு அத்தகையது: ஒன்றும் இரண்டும் மூன்றும் கூடினால் ஆறு. இருபத்தெட்டும் அத்தகையது: ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு, பதினான்கு ஆகியவை கூடினால் இருபத்தெட்டு. நாம் சொன்ன வகைப் பகா எண் ஒன்று கிடைத்தால், அதிலிருந்து ஒரு நிறைவெண்ணைப் படைக்கலாம் என்று கிரேக்க அறிஞர் யூக்கிளிடு காட்டினார். இரட்டைப்பட நிறைவெண்கள் எல்லாம் அவ்வழியில் பிறந்தவையே என்று பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் மெய்ப்பித்தார். நம் எண்ணிலிருந்து பிறக்கும் நிறைவெண்ணுக்கு எழுபத்தேழு இலக்கங்கள்.

ஒரு துறவியின் பட்டியல்

பாரிசு நகரில் மரின் மெர்சென் என்னும் துறவி ஒருவர் வாழ்ந்தார். ஐரோப்பிய அறிஞர்களுக்கிடையே மடல் வழியாகக் கருத்துகளைக் கொண்டுசேர்த்த பெருமகனார் அவர். 1644-இல் வெளியிட்ட நூலொன்றில் அவர் ஒரு பட்டியலைத் தந்தார். ஒன்றுகளின் தொகை 257 வரை செல்லலாம் என்று வைத்துக்கொண்டால், 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொரு தொகைகளுக்கு மட்டுமே பகா எண் கிடைக்கும் என்பது அவர் கூற்று. இவ்வகை எண்களுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

அவர் மெய்ப்பு எதுவும் தரவில்லை. அக்காலத்தில் எழுபத்தேழு இலக்கமோ எண்பது இலக்கமோ உடைய எண்ணைச் சோதிக்க யாரிடத்தும் வழி இருந்ததில்லை. ஆயினும் பெரியவர் சொன்னார், நூலில் அச்சாகிவிட்டது, வழிவழியாக எடுத்தெழுதப்பட்டது. 1772-இல் ஆய்லர் முப்பத்தொன்றுக்குரிய 2,147,483,647 என்னும் எண் பகா எண்ணே என்று மெய்ப்பித்தார். அதற்கு மேல் ஒரு நூறு ஆண்டுகள் எவரும் ஓரடி எடுத்து வைக்க இயலவில்லை.

பட்டியலின் நிலை இறுதியில் என்னவாயிற்று? ஐந்து பிழைகள்! 67-உம் 257-உம் பட்டியலில் இருக்கக்கூடாதவை. அவற்றுக்குரிய எண்கள் பகு எண்கள். 61, 89, 107 ஆகிய மூன்றும் இருக்கவேண்டியவை, விடுபட்டுப் போயின. 61-ஐ 1883-இல் உருசிய நாட்டுப் பெர்வூசின் கண்டார். 89-ஐயும் 107-ஐயும் 1911-இலும் 1914-இலும் அமெரிக்கரான பவர்சு கண்டார்.

127-ஐப் பற்றி மெர்சென் சொன்னது சரியே. ஆனால் தோழர்களே, இங்கு நின்று எண்ணுங்கள். 67-ஐச் சொன்ன அதே வாயால், அதே வரியில், அதே உறுதியோடுதான் 127-ஐயும் சொன்னார். ஒன்று பொய்த்தது, மற்றொன்று பலித்தது. பலித்ததனால் அவர் அதனை அறிந்திருந்தார் என்று ஆகுமா? ஆகாது. சரியாகச் சொல்வது வேறு; அறிந்து சொல்வது வேறு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியின் பெயர்தான் மெய்ப்பு. அந்த இடைவெளி இவ்வெண்ணைப் பொறுத்தவரை 232 ஆண்டுகள்.

வகுத்துப் பார்த்தால்

வகுத்துப் பார்த்தே தீர்த்துவிடலாமே என்று கேட்கலாம். செய்துதான் பார்ப்போம். ஓர் எண்ணை வகுப்பது எதுவும் உண்டா என்று அறிய, அதன் இருபடி வேர் வரை தேடினால் போதும். நம் எண்ணின் இருபடி வேர் இருபது இலக்கங்கள் கொண்டது. எல்லா எண்களையும் சோதிக்கவும் தேவையில்லை. பெர்மா என்னும் பிரெஞ்சு அறிஞர் 1640-இலேயே காட்டிய நெறிப்படி, நம் எண்ணை வகுக்கக்கூடியது எதுவாயினும் அது 254-ஆல் வகுத்தால் ஒன்று மிஞ்சும் எண்ணாகவே இருக்கும். 2,047-க்கும் இதே நெறிதான்: 23 என்பது 22-ஐவிட ஒன்று மிகுதி, 89 என்பது நான்கு இருபத்திரண்டுகளைவிட ஒன்று மிகுதி. எட்டால் வகுத்தால் ஒன்றோ ஏழோ மிஞ்சவேண்டும் என்னும் மற்றொரு நெறியும் உண்டு. அதனால் எஞ்சியவற்றிலும் பாதி கழியும்.

இத்தனை கழித்தபின்னும் எத்தனை எண்களைச் சோதிக்க வேண்டும்? நொடிக்கு ஓர் எண் என்று, உண்ணாமல் உறங்காமல் வகுத்துக்கொண்டே இருந்தாலும், ஏறத்தாழ எண்பது கோடி ஆண்டுகள் ஆகும்! ஒருவர் வாழ்நாள் என்ன, மாந்த இனத்தின் வாழ்நாள் முழுவதும் போதாது. அவ்வழி அடைபட்ட வழி.

இலூக்காசு திறந்த வாயில்

எதுவார் இலூக்காசு 1842-இல் அமியான் நகரில் பிறந்தவர். 1870-71-இல் நடந்த பிரெஞ்சு–புருசியப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றினார். பின்னர்ப் பள்ளி ஆசிரியராக வாழ்ந்தார். எண் விளையாட்டுகளில் பெருவிருப்பம் கொண்டவர். மூன்று தூண்களும் பல வட்டுகளும் கொண்டு ஆடும் 'அனோய்க் கோபுரம்' என்னும் விளையாட்டை 1883-இல் வெளியிட்டவரும் அவரே. அவ்விளையாட்டில் சிறிய வட்டின்மேல் பெரிய வட்டை வைக்கக்கூடாது. ஒவ்வொன்றாகவே எடுத்து மாற்ற வேண்டும். மூன்று வட்டுகளை மாற்றக் குறைந்தது ஏழு நகர்த்தல்கள்; ஏழு வட்டுகளுக்கு 127 நகர்த்தல்கள். நூற்றிருபத்தேழு வட்டுகள் வைத்து ஆடினால் எத்தனை நகர்த்தல்கள்? நாம் பேசிக்கொண்டிருக்கும் முப்பத்தொன்பது இலக்க எண் எத்தனையோ அத்தனை!

அவர் கண்ட சோதனை முறையை இப்போது சொல்லுகின்றேன். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த எவரும் செய்து பார்க்கலாம். மூன்றில் தொடங்குங்கள். ஒவ்வொரு படியிலும், கையில் உள்ள எண்ணைத் தன்னாலேயே பெருக்கி, அதிலிருந்து இரண்டைக் கழியுங்கள். விடை பெரிதாகிவிட்டால், சோதிக்கப்படும் எண்ணால் வகுத்து எச்சத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுகளின் தொகையில் இரண்டு குறைத்தால் எத்தனையோ அத்தனை படிகள் செல்லுங்கள். இறுதிப் படியில் சுழி வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். அவ்வளவே. ஒன்றுகளின் தொகையை நான்கால் வகுத்தால் மூன்று மிஞ்சவேண்டும் என்பது மட்டும் இம்முறைக்குரிய கட்டளை.

ஏழு ஒன்றுகள் கொண்ட எண் 127. அதனைச் சோதிப்போம். ஐந்து படிகள். மூன்றில் தொடங்குகின்றோம். மும்மூன்று ஒன்பது, இரண்டு போக ஏழு. ஏழேழு நாற்பத்தொன்பது, இரண்டு போக நாற்பத்தேழு. நாற்பத்தேழைத் தன்னால் பெருக்கி இரண்டு கழித்தால் 2,207. அதனை 127-ஆல் வகுத்தால் எச்சம் 48. அதிலிருந்து 2,302, எச்சம் 16. அதிலிருந்து 254, அது சரியாக இரண்டு 127, எச்சம் சுழி! மூன்று, ஏழு, நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு, பதினாறு, சுழி. 127 பகா எண் என்று முடிந்தது. எந்த எண்ணாலும் அதனை வகுத்துப் பார்க்கவில்லை என்பதைக் கருதுங்கள்.

பிளந்துபோன 2,047-ஐயும் இம்முறைக்கு ஆட்படுத்துவோம். அதற்கு ஒன்பது படிகள். 3, 7, 47, 160, 1,034, 620, 1,609, 1,471 என்று சென்று, எட்டாம் படியில் மீண்டும் 160 வந்துவிடுகிறது! ஒன்பதாம் படியில் மீண்டும் 1,034. இனி எத்தனை படிகள் சென்றாலும் இதே ஐந்து எண்கள் செக்குமாடுபோல் சுற்றிக்கொண்டே இருக்கும். சுழியை ஒருநாளும் அடையா. எனவே 2,047 பகா எண் அன்று. 23-ஐயும் 89-ஐயும் அறியாமலேயே இதனை அறிந்துவிடுகின்றோம்.

நம் பெரிய எண்ணுக்கு எத்தனை படிகள்? நூற்றிருபத்தைந்து. எண்பது கோடி ஆண்டு எங்கே, நூற்றிருபத்தைந்து படி எங்கே! ஒவ்வொரு படியும் முப்பத்தொன்பது இலக்க எண்ணை முப்பத்தொன்பது இலக்க எண்ணால் பெருக்கும் கடுமையான வேலைதான்; ஆனால் மாந்தனால் செய்து முடிக்கக்கூடிய வேலை.

வகுக்கும் சுமையைக் குறைக்கவும் எண்ணின் அமைப்பே துணை செய்கிறது. 127-இன் எச்சம் காண, 128-ஐக் கொண்டு மடித்தால் போதும். 2,207 என்பது பதினேழு 128-களும் மேலும் 31-உம். பதினேழையும் முப்பத்தொன்றையும் கூட்டினால் 48, அதுவே எச்சம்! ஒன்பதால் வகுத்த எச்சத்தை இலக்கங்களைக் கூட்டியே காண்கின்றோம் அல்லவா? அதே நுட்பம். நம் பெரிய எண்ணுக்கும் அவ்வாறே. பெருக்கிவந்த தொகையை ஒன்றும் சுழியுமாக எழுதி, வலப்பக்கத்து 127 இடங்களை ஒரு துண்டாகவும் எஞ்சியதை மற்றொரு துண்டாகவும் வெட்டி, இரண்டையும் கூட்டினால் வகுத்தல் முடிந்தது. இத்தகைய கணக்குகளைக் கட்டமிட்ட பலகையில் காய்களை வைத்துச் செய்யும் முறையையும் இலூக்காசு காட்டினார்.

1876-இல் அவர் தம் முடிவை அறிவித்தார். நூற்றிருபத்தேழு ஒன்றுகளும் பிளவின்றி நின்றன.

அறுபத்தேழின் கதை

அதே 1876-இல் மெர்சென் பட்டியலில் இருந்த 67-ஐயும் இலூக்காசு சோதித்தார். இறுதியில் சுழி வரவில்லை. ஆகவே அதற்குரிய எண் பகு எண் என்று அறிவித்தார். 232 ஆண்டுகள் நின்ற பட்டியலில் முதல் விரிசல் விழுந்தது. ஆனால் எந்த எண் அதனை வகுக்கும் என்று அவரால் சொல்ல இயலவில்லை. பகும் என்று தெரியும். எப்படிப் பகும் என்று தெரியாது. இவ்விந்தை நிலை இருபத்தேழு ஆண்டுகள் நீடித்தது.

1903-ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய அமெரிக்கக் கணக்கறிஞர் கழகத்தில் பிராங்கு கோல் என்பவர் விடை தந்தார். அவர் ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையருகே சென்று, இரண்டின் 67-ஆம் அடுக்கைக் கணக்கிட்டு ஒன்றைக் கழித்து எழுதினார் என்றும், மற்றொரு பக்கத்தில் 193,707,721 என்னும் எண்ணை 761,838,257,287 என்னும் எண்ணால் பெருக்கிக் காட்டினார் என்றும், இரண்டும் ஒத்துவந்ததும் பேசாமலே தம் இருக்கைக்குத் திரும்ப, அவையோர் கைதட்டினர் என்றும் கூறுவர். பல ஞாயிற்றுக்கிழமைகளை அவர் இதற்கே செலவிட்டார் என்பதும் வழங்கிவரும் செய்தி. கோல் காட்டியது உடன்பாட்டுச் சான்று; பள்ளிப் பிள்ளையும் பெருக்கிச் சரிபார்க்கலாம். இலூக்காசு காட்டியது எதிர்மறைச் சான்று. அதற்குப் புது வழியே வகுக்க வேண்டியிருந்தது.

வழியைச் செப்பனிட்டவர்கள்

இலூக்காசின் சொல்லையும் அறிவுலகம் அப்படியே ஏற்றுக்கொண்டு அமர்ந்துவிடவில்லை. மெர்செனை நம்பிப் பட்ட பாடு போதாதா? 1914-இல் போக்கம்பெர்கு என்பவர் 127-க்குரிய கணக்கை மீண்டும் செய்து பார்த்து உறுதிப்படுத்தினார். சோதனை முறையின் மெய்ப்பிலே இலூக்காசு விட்டுச்சென்ற இடைவெளிகளை 1930-இல் அமெரிக்க அறிஞர் இலேமர் நிரப்பினார். மூன்றுக்கு மாறாக நான்கில் தொடங்கினால், இரண்டு நீங்கலான எல்லாப் பகா அடுக்குகளுக்கும் இம்முறை செல்லும் என்றும் அவர் நிலைநாட்டினார். இன்று இது இருவர் பெயராலும் வழங்குகிறது.

1951-இல் கணிப்பொறிக் காலம் பிறந்தது. கேம்பிரிட்சில் மில்லர், வீலர் ஆகிய இருவரும் எழுபத்தொன்பது இலக்கப் பகா எண் ஒன்றைப் பொறியால் கண்டனர். அதை எப்படி அமைத்தனர் தெரியுமா? நம் எண்ணைத் தன்னாலேயே பெருக்கி, அதனை 180 மடங்காக்கி, ஒன்றைக் கூட்டினர். முடியிழந்த மன்னனின் தோள்மேல் ஏறித்தான் புதியவன் முடி சூடினான்! 1952-இல் இராபின்சன் என்பவர் இலூக்காசு–இலேமர் முறையைக் கணிப்பொறிக்குக் கற்பித்து, 521, 607, 1,279, 2,203, 2,281 என்னும் ஐந்து அடுக்குகளுக்குப் பகா எண் கண்டார்.

1996-இல் தொடங்கிய கூட்டு முயற்சியொன்றில் உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் தத்தம் கணினிகளை இத்தேடலுக்கு ஈந்து வருகின்றனர். அதன் வழியாக 2024 அக்டோபரில் இலூக்கு தூரண்டு என்பவர் கண்ட பகா எண், இரண்டின் 136,279,841-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. அதற்கு 41,024,320 இலக்கங்கள். பக்கத்துக்கு 2,500 இலக்கங்கள் வீதம் அச்சிட்டால் பதினாறாயிரம் பக்கங்களுக்கு மேல் ஆகும். அந்த எண்ணை அறிவிக்கும் முன்னர், வெவ்வேறு பொறிகளில் வெவ்வேறு நிரல்களைக் கொண்டு திரும்பத் திரும்பச் சோதித்தனர். அச்சோதனைக்குக் கொண்ட கருவி, பெருக்கி, இரண்டு கழித்து, எச்சம் காணும் அதே பழைய முறைதான்.

விடை காணா வினா

நம் எண்ணைச் சுற்றி இன்னும் திறவாத கதவு ஒன்று உண்டு. இரண்டு ஒன்றுகள் சேர்ந்தால் மூன்று. அது பகா எண். மூன்று ஒன்றுகள் சேர்ந்தால் ஏழு, பகா எண். ஏழு ஒன்றுகள் சேர்ந்தால் 127, பகா எண். 127 ஒன்றுகள் சேர்ந்தால் நம் எண்; பகா எண். அப்படியானால், நம் எண் எத்தனையோ அத்தனை ஒன்றுகளை வரிசையாக நிறுத்தினால்? அந்த எண்ணும் பகா எண்ணா? இத்தொடரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கத்தலான் என்னும் அறிஞர் சுட்டினார்.

இதற்கு விடை எவர்க்கும் தெரியாது. அவ்வெண்ணின் இலக்கங்களின் தொகையைச் சொல்லவே 512 என்று எழுதி ஐந்து முறை கோடி என்று எழுதவேண்டும். உலகில் உள்ள கணினிகள் அனைத்தையும் கூட்டினாலும் அதனை எழுதிவைக்கவும் இடம் போதாது. பின் சோதிப்பது எங்ஙனம்? நான்கு முறை பலித்ததே, ஐந்தாம் முறையும் பலிக்கும் என்று சொல்ல நா எழலாம். அப்படிச் சொன்னால் நாமும் 1644-க்கே திரும்பிவிடுவோம்.

பயன் என்ன?

இதனால் என்ன பயன் என்று ஒருவர் கேட்கக்கூடும். பயன் உண்டு. பணமாற்றும் மடலும் பிறர் அறியாவண்ணம் செல்ல இன்று உதவும் மறைகுறி முறைகள் பலவும் பெரிய பகா எண்களின்மேல் நிற்கின்றன. 2015-இல் வெளிவந்த மறைகுறி முறையொன்று இதே 127 ஒன்றுகள் கொண்ட எண்ணையே அடிப்படையாகக் கொண்டது. வெட்டி மடித்துக் கூட்டினால் வகுத்தல் முடிந்துவிடும் என்று சொன்னேனே, அந்த விரைவே அதனைத் தேர்ந்தமைக்கு அடிப்படை. இலூக்காசு அதனைக் கனவிலும் கண்டிருக்கமாட்டார்.

ஆனால் நான் உங்களிடம் விட்டுச்செல்ல விரும்புவது அப்பயனை அன்று. பெயர் பெற்ற ஒருவர் சொல்லிவிட்டார் என்பதால் ஒன்று மெய்யாகிவிடாது. நெடுங்காலம் வழங்கிவந்தது என்பதாலும் மெய்யாகிவிடாது. பலமுறை பலித்தது என்பதாலும் மெய்யாகிவிடாது. மெய்ப்பிக்கப்பட்டபோதே மெய்யென்று சொல்லும் உரிமை நமக்குக் கிட்டுகிறது. மெர்செனின் பெருமையால் அறுபத்தேழு பகா எண்ணாகிவிடவில்லை. இலூக்காசு எளிய பள்ளி ஆசிரியர் என்பதால் அவருடைய நூற்றிருபத்தைந்து படிகளில் ஒரு படியும் குறைந்துவிடவில்லை. எண்களின் அவையில் நாற்காலி வரிசை கிடையாது.

வீட்டுக்குச் சென்றதும் ஒரு தாளை எடுங்கள். மூன்றில் தொடங்குங்கள். 3, 7, 47 என்று எழுதி, 127-க்கு ஐந்து படிகளையும் நீங்களே செய்து பாருங்கள். என் சொல்லையும் நம்பவேண்டா. இறுதியில் சுழி வரும்போது, நான் சொன்னதனால் அன்றி, நீங்களே கண்டதனால் அறிவீர்கள்.